டீச்சரைக் கேளுங்கள்: 42இல் 17 போனால் 35

இந்த மாதம் கடிதங்கள் கொஞ்சம் கூட. வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பியவர்களும் உண்டு, அதையெல்லாம் கேட்டு எழுத்தாக்கித் தந்த பிள்ளைக்கு நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நாலைந்து பேர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

தாழங்குடாவிலிருந்து ஓர் ஆசிரிய மாணவி: டீச்சர், நான் கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி படிக்கிறேன். "எனது கல்வித் தத்துவம்" என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். விடுதியில் எல்லோரும் ரூசோ, டூயி, காந்தி, தாகூர் என்று நாலு பேரைக் கலந்து எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எழுத விருப்பமில்லை. ஆனால் எனக்கென்று ஒரு தத்துவம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. உங்களுடையது என்ன?

மகள், இன்னும் ஒரு தவணைகூட முழுசாகப் படிப்பிக்காத பிள்ளையிடம் கல்வித் தத்துவம் கேட்பது, கலியாணம் கட்டாத பிள்ளையிடம் குடும்பம் நடத்துவது எப்படி என்று கேட்கிற மாதிரித்தான். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும், புள்ளி இருக்கிறதே.

என்னுடையதைச் சொல்கிறேன். அது எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, ஒரு பொடியனின் கணக்குக் கொப்பியிலிருந்து வந்தது. 1987. முதல் நியமனம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலை. குருக்கள்மடத்தில் சைக்கிளோடு பாதையில் ஏறி (வெளியூர் வாசகர்களுக்கு: பாதை என்றால் எங்கள் ஊரில் வாவியைக் கடக்கிற மிதவையும்தான்) அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து மிதிக்க வேண்டும். நாலாம் வகுப்பில் அந்தப் பொடியன். 42இல் 17ஐக் கழி என்றால் 35 என்று எழுதுவான். நான் சிவப்பில் பிழை போடுவேன். மறுநாள் 63இல் 28, அதற்கு 45. பிழை. 50இல் 26, அதற்கு 36. அதுவும் பிழை. ஒரு கிழமையில் கொப்பி முழுக்க என் சிவப்பு மைதான். ஒரு பக்கத்தின் அடியில் "கவனயீனம்" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

ஒரு நாள் பின்னேரம் காற்று அதிகம், பாதை அக்கரையில் நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கரையில் இருந்தேன். செய்ய வேறு வேலை இல்லாமல் கொப்பிகளை எடுத்துத் திருத்தினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கவனயீனமான பிள்ளை இன்றைக்கு ஒரு மாதிரிப் பிழை விடும், நாளைக்கு இன்னொரு மாதிரி. இவன் ஒவ்வொரு நாளும் ஒரே பிழையை, ஒழுங்காக, ஒன்றுகூடத் தவறாமல் விட்டிருக்கிறான். ஒற்றை இடத்தில் 2க்குக் கீழே 7 இருந்தால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று போடுகிறான். எல்லா இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். 

மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன், "ஏன் மனே இப்படிச் செய்தாய்?" 

"ரெண்டில ஏழு போகாது எண்டு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. அதான் ஏழில ரெண்டைக் கழிச்சன்."

நான்தான் சொன்னேன். உண்மைதான். திங்கட்கிழமை "சின்ன எண்ணில் பெரிய எண் போகாது" என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை பத்தை உடைத்து எடுப்பது எப்படி என்று காட்டினேன். செவ்வாயும் புதனும் அவன் பாடசாலைக்கு வரவில்லை, வயலில் சூடடிப்பு. பாதிக் கணக்கை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு மீதியைத் தானே கட்டியிருக்கிறான். அந்த வயதில் அது சின்ன வேலை இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனோடு தயிர் விற்கப் போகிறவன். "பதினேழு ரூபாய்த் தயிருக்கு ஐம்பது ரூபாய்த் தாள் தந்தால் மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டேன். பென்சிலைத் தொடவில்லை. "மூணு தந்தா இருபது, மறுகா முப்பது தந்தா அம்பது. முப்பத்தி மூணு." அதையே கொப்பியில் 50 என்று எழுதிக் கீழே 17 என்று எழுதிக் கழிக்கச் சொன்னேன். 47 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். கொப்பிக் கணக்கு வேறு, தயிர்க் கணக்கு வேறு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் மட்டும் இல்லை, நானும் அப்படித்தான்.

பிறகு பல வருடம் கழித்து, பிரேசில் நாட்டில் இதே விடயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று படித்தேன். 1985இல் வெளிவந்த ஆய்வு. ரெசிஃபே நகரத் தெருவில் விற்பனை செய்த 5 பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டிருக்கிறார்கள், 98 சதவீதம் சரி. பிறகு அதே வகைக் கணக்குகளைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. தேங்காய் விற்ற 12 வயதுப் பொடியன், ஒன்று 35 என்றால் 10 தேங்காய் எவ்வளவு என்றதற்கு, மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கட்டிக்கட்டிப் போய் 350இல் நின்றிருக்கிறான். பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் சேர் என்று பாடசாலை சொல்லிக் கொடுத்த வழி அவனுக்குத் தேவைப்படவே இல்லை. எனக்கு அதைப் படித்தபோது அம்பிளாந்துறைத் தயிர்முட்டி ஞாபகம் வந்தது.

அதனால் என் தத்துவம் என்று ஏதாவது இருந்தால் இவ்வளவுதான்: பிள்ளை பிழை விட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் நியாயமாகவும் இருக்கும், அது என்னவென்று தெரியும்வரை சிவப்புப் பேனையை மூடி வைக்க வேண்டும். நீங்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு பிள்ளை விட்ட ஒரு பிழையை எடுத்து, அது எங்கேயிருந்து வந்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். விரிவுரையாளர் குறைப்பட்டால் டூயிக்கு ஒரு வரி சேருங்கள், அவர் கோபிக்க மாட்டார்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்: மகன் ஐந்தாம் தரம், புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறான். மாதிரிப் பரீட்சைகளில் 130, 135 என்று நிற்கிறான், மேலே ஏறுகிறானில்லை. விடியக் காலமை ஒரு வகுப்பு, பாடசாலை விட்டு ஒரு வகுப்பு, சனி ஞாயிறு முழு நாளும். இரவில் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுகிறான். அவனுடைய அப்பா அடித்தாவது எழுப்பு என்கிறார். நான் என்ன செய்ய, டீச்சர்?

தூங்க விடுங்கள் தங்கச்சி. படித்தது மூளையில் ஒட்டுவதற்கும் தூக்கம் வேண்டும். தூக்கத்தில் விழுகிற பிள்ளையை அடித்தால் முழிக்கும், படிக்காது. இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இனி அந்த 135ஐப் பார்ப்போம். இரண்டு வினாத்தாளுக்கும் சேர்த்து 200 என்றால் 65 புள்ளி போயிருக்கிறது. அந்த அறுபத்தைந்தும் எங்கே போனது என்று யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா? நான் பார்த்த வகுப்புகளில் இது நடப்பதில்லை. இன்றைக்கு ஒரு வினாத்தாள், நாளைக்குப் புது வினாத்தாள், மறுநாள் இன்னொன்று, போட்டோகொப்பிக் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். பழைய தாள் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அதில்தான் உங்கள் மகன் இருக்கிறான். தெரியாமல் விட்டது எது, கேள்வியைப் பிழையாக வாசித்து விட்டது எது, நேரம் போதாமல் விட்டது எது, இந்த மூன்றும் மூன்று வேறு நோய். மூன்றுக்கும் இன்னொரு வகுப்பு என்கிற ஒரே குளிசையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வகுப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துங்கள். கிழமையில் ஒரு நாள் ஒரு பழைய தாளை எடுத்து இருபது நிமிடம் அவனோடு இருங்கள். பிழை விட்ட கேள்வி ஒவ்வொன்றையும் ஏன் அப்படி எழுதினான் என்று அவன் சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். உங்களுக்குக் கணக்கு அவ்வளவாகத் தெரியாதென்றால் இன்னும் நல்லது, அவன் உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டி வரும்.

இந்தச் சோதனை ஏன் வந்தது என்பதையும் மறந்துவிடுகிறோம். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போய்ப் படிக்க ஒரு கைதூக்கிவிடலாக இருந்தது புலமைப்பரிசில். காசு கட்டி மூன்று வகுப்புக்குப் போனால்தான் வெல்லலாம் என்ற இடத்துக்கு அதைக் கொண்டுவந்து விட்டது நாங்கள்தான், ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து. வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளைக்கும் ஆறாம் தரம் இருக்கிறது தங்கச்சி. பத்து வயதில் எதுவும் முடிந்துபோவதில்லை.

வெல்லாவெளிப் பக்கமிருந்து ஓர் இளம் ஆசிரியர்: பெரும்போக வெட்டு நேரம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்கூட இல்லை. யானை ஊருக்குள் வந்த இரவுக்கு மறுநாள் அதுவும் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். வந்த பிள்ளைகளும் கேள்வி கேட்டால் வாய் திறக்கிறார்களில்லை. நீங்கள் சொல்கிற மாதிரிக் காரணம் கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள்.

தம்பி, நீங்கள் எழுதியதில் இரண்டு பிரச்சினை இருக்கிறது. வராத பிள்ளை, வாய் திறக்காத பிள்ளை. முதலாவதுக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. இரவு முழுக்கப் பரணில் தகப்பனோடு யானைக்குக் காவல் இருந்த பிள்ளையை ஏழரைக்கு வாங்கில் எதிர்பார்க்க எனக்கு வாய் வரவில்லை. நான் செய்தது ஒன்றுதான்: வெட்டுக் காலத்தில் புதுப் படி எதையும் தொடங்குவதில்லை. கழித்தலின் இரண்டாம் பாதி, பின்னத்தின் முதல் நாள், இப்படிப்பட்ட பாடங்களைத் தள்ளி வைத்துவிட்டு, பழையதைத் திரும்பச் செய்யும் வேலைகளை அந்தக் கிழமைகளுக்குப் போட்டுக்கொள்வேன். பாடக்குறிப்பில் காரணத்தையும் எழுதி வைப்பேன். ஒரு முறை மேற்பார்வைக்கு வந்தவர் ஏசினார், அடுத்த முறை வந்தவர் பாராட்டினார், இருவரும் பார்த்தது ஒரே குறிப்பைத்தான்.

இரண்டாவதுக்கு மருந்து இருக்கிறது, காசும் இல்லை, ஆனால் கசக்கும். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்து பார்த்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள், அதற்குள் அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறார்கள் அல்லது தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளை பேசத் தொடங்கியது, "தெரியாது" குறைந்தது. 1970களில் வந்த ஆய்வு இது. மூன்று வினாடி என்ன பெரிய காரியம் என்று நினைப்பீர்கள். நாளைக்கு நின்று பாருங்கள். வகுப்பறையில் மூன்று வினாடி மௌனம், பஸ் வராத தரிப்பிடத்தில் முப்பது நிமிடம் நிற்கிற மாதிரி இருக்கும். நான் சேலைத் தலைப்பில் விரலால் எண்ணிக்கொண்டு நிற்பேன். ஐந்து வரைக்கும் போனதுண்டு.

இன்னொன்று. "ஏன் இப்படி எழுதினாய்?" என்று நாங்கள் கேட்பது பிழை விட்டபோது மட்டும்தானே. அதனால் அந்தக் கேள்வி கேட்டவுடனேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும், பிழை என்று. சரியாகச் செய்த பிள்ளையிடமும் அதையே, அதே குரலில் கேளுங்கள். ஒரு மாதம் போனால் தலை நிமிரும்.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு தகப்பன்: மகனுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் பாடமில்லை. ஆனால் ஊரில் பழக்குகிற வடமோடிக் கூத்தில் நிற்கிறான், அதற்கு மட்டும் இரவிரவாக முழித்திருக்கிறான். கூத்தை நிறுத்தட்டுமா?

வேண்டாம். கூத்தை நிறுத்தினால் வாய்ப்பாடு வரும் என்று யார் சொன்னது? கூத்தும் போய், வாய்ப்பாடும் வராமல் நிற்பான்.

ஒருமுறை எனக்கும் இதே சந்தேகம் வந்தது. என் வகுப்பில் நாலு வரிக் கவிதையைப் பாடமாக்க மாட்டாத ஒருவன், கூத்தில் பக்கம் பக்கமாகப் பாட்டுப் படிக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் இரவு பழக்குகிற இடத்துக்குப் போய் ஓரத்தில் பாயைப் போட்டுக்கொண்டு இருந்தேன். சட்டம் கொடுத்து (அவரவர் பாட்டை எழுதிக் கையில் கொடுப்பது) இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒரு பாட்டைத் தான் பாடிக் காட்டுவார். பொடியன் பாடுவான். பிறகு சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் அதையே எடுத்துப் பாடுவார்கள், அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், ஒரு பாட்டை அவன் மூன்று நாலு தரம் கேட்டும் விடுவான். கால் பிசகினால் மத்தளம் நிற்கும். அண்ணாவியார் எழும்பி வந்து அந்த இடத்தை மட்டும் ஆடிக் காட்டுவார், முழு ஆட்டத்தையும் இல்லை. ஏச்சும் விழும், நல்ல ஏச்சு, அண்ணாவிமார் எல்லாரும் பொறுமைசாலிகள் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். ஆனால் அந்த ஏச்சோடு மத்தளம் திரும்பத் தொடங்கும், பொடியனும் திரும்ப ஆடுவான், அவனுக்கு யாரும் 35 புள்ளி போட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை.

எனக்கு அன்றைக்குப் பொறாமையாக இருந்த விடயம் வேறு. ஆட்கள் பழகித் தேறினால்தான் அவர் அரங்கேற்றத்துக்கு நாள் குறிப்பார். நாங்கள் முதலே நாளைக் குறித்துவிட்டுப் பிள்ளைகளை அதன் பின்னால் துரத்துகிறோம். பாடசாலையில் எல்லாவற்றையும் அப்படி மாற்ற முடியாதுதான், சோதனைத் திணைக்களம் அண்ணாவியாருக்காகக் காத்திருக்காது. ஆனால் வாய்ப்பாட்டுக்கு என்ன அவசரம்? மகனிடம் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாளத்தில் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் எடுத்துப் படியுங்கள். வெட்கப்படாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருதமுனையிலிருந்து ஒரு வாசகர்: மகள் உயர்தரம் படிக்கிறா. பாடசாலையில் பாதியைச் சொல்லிவிட்டு, மிச்சம் வேண்டுமென்றால் பின்னேரம் என் வகுப்புக்கு வாருங்கள் என்கிற ஓர் ஆசிரியர் பற்றி என்ன சொல்வீர்கள்? நீங்கள் ரியூசன் எடுத்ததே இல்லையா?

நானாவின் (அண்ணாவின்) கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எடுத்திருக்கிறேன். என் மகளின் படிப்புச் செலவுக்காக ஆறு வருடம். என் பாடசாலைப் பிள்ளைகளை அதில் சேர்ப்பதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தேன். பக்கத்துப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்த என் சிநேகிதியும் அதே விரதம்தான். அதனால் அவளுடைய பிள்ளைகள் என்னிடமும் என்னுடைய பிள்ளைகள் அவளிடமும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் மனச்சாட்சி சுத்தம், பெற்றோருக்குச் செலவு மட்டும் ஒன்றுதான்.

நீங்கள் சொல்கிற ஆசிரியருக்கு எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னமே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார், ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கு நாலு உவமை சொல்கிறார். கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட ஒழுங்கில் வெளியே வராது, ஒன்று முன்னே பின்னே விழும். மடற்பனை: கிட்டப் போகவே ஏலாது, பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பஞ்சடைத்த குடுக்கை: அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். கடைசி, முடத்தெங்கு. வேர் நம் வளவில், தண்ணீர் ஊற்றுவது நாம், மரம் வளைந்துபோய்க் காய் விழுவது அடுத்த வளவில். சம்பளம் பாடசாலையில், காய் பின்னேர வகுப்பில் என்றால் வேறென்ன?

நானும் முதல் ஐந்து வருடம் கழற்குடம்தான், மேலே சொன்ன திங்கள் செவ்வாய்க் கதையைப் பாருங்கள். அது பழக்கத்தில் மாறும். மடற்பனைகூட வயது போனால் கொஞ்சம் இளகும். முடத்தெங்கு தானாக நிமிராது. தனியாகப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், பிள்ளைக்குத்தான் திரும்பி வரும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து அதிபரிடம் போய், பாடத்திட்டத்தில் எந்த அலகு எந்த மாதம் முடியும் என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கல்முனையிலிருந்து ஒரு மாணவன்: கணக்கைப் போனில் படம் எடுத்தால் வழியோடு விடை வருகிறது. இனி ஆசிரியர் எதற்கு?

விடை எப்போதும் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்ததுதான் மகன். அந்தக் காலத்திலும் நாங்கள் அதைப் பார்த்து எழுதினோம். போன் தருகிற வழியை மூடி வைத்துவிட்டு ஒரு வெற்றுத் தாளில் நீ செய்து பார், எங்கே நின்றுபோகிறாய் என்று பார், அந்த இடத்தைக் கொண்டுபோய் உன் ஆசிரியரிடம் காட்டு. அவர் எதற்கு என்று அப்போது தெரியும். தெரியாவிட்டால் எனக்கு எழுது, ஆளை மாற்றுவோம்.

காரைதீவிலிருந்து ஒரு தாய்: மகளுக்குச் சாதாரண தரத்தில் 9 ஏ. எல்லோரும் விஞ்ஞானம் என்கிறோம், அவள் சங்கீதம் என்கிறாள். திறமையை வீணாக்கலாமா?

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வருவதுதான் வேடிக்கை அக்கா. 1892இல் காரைதீவில் பிறந்த ஒருவர் விஞ்ஞானப் பட்டம் எடுத்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதருமானார், பிறகு துறவியாகி விபுலாநந்தர் என்று பெயர் பெற்றார். பழந்தமிழரின் யாழைப் பற்றி அவர் பல வருடம் உழைத்து எழுதிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் காலமானார். சங்கீதப் புத்தகம் என்று நினைத்து அதைத் திறந்த நான் திகைத்துப்போனேன், சுரங்களுக்கிடையிலான விகிதங்கள், கணக்கு, மேலும் கணக்கு. எனக்குப் பாட வராது, ஆனால் அந்தப் பக்கங்களில் ஓரளவுக்கு நடக்க முடிந்தது.

அதற்காக மகளை நாளைக்கே சங்கீதத்துக்கு விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கல்லடியில் அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய், அங்கே படிக்கிற பிள்ளைகளோடு பேசிவிட்டு வாருங்கள். வந்த பிறகு அவளிடம் கேளுங்கள். அவள் உயிரியல் என்று சொன்னாலும் சொல்வாள்.

கல்லடியிலிருந்து ஒரு வாசகி: மறக்க முடியாத பாடவேளை?

2005 தொடக்கம். சுனாமிக்குப் பிறகு பாடசாலை திறந்த முதல் நாள்களில் ஒன்று. வகுப்பில் வெற்று இடங்கள் இருந்தன. என்னென்னவோ பேசுவதற்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை, "டீச்சர், வகுத்தல் கணக்குச் செய்வமா?" என்றாள். பாடவேளை முழுக்க வகுத்தோம். மீதி வராத கணக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: டீச்சர், நான் உங்களிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். 93 அல்லது 94. கணக்குப் பிழை என்று அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொளியில் அடித்தீர்கள், மூன்று அடி. இந்தப் பக்கத்தில் பிழைக்குக் காரணம் கேளுங்கள் என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் என் கையைப் பார்த்துக்கொள்வேன். என்னிடம் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இதைப் போட மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன்.

அந்தக் காலம் அப்படி, ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளை, இடம்பெயர்ந்து வந்தவர்கள் பாதி, எனக்கும் வீட்டில் நூறு பிரச்சினை என்று ஒரு பந்தி எழுதிப் பிறகு வெட்டிவிட்டேன். அடிக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை பிறகுதான் வந்தது என்றும் ஒரு வரி இருந்தது, அதையும் வெட்டிவிட்டேன். சுற்றறிக்கை வந்த பிறகு கையை நிறுத்தினவர்களில் நானும் ஒருத்தி என்பதுதான் அந்த வரியின் அர்த்தம்.

தயிர் விற்ற பொடியனின் கதை 1987. உங்களை அடித்தது அதற்கு ஆறேழு வருடம் பிறகு. அதாவது தெரியாமல் அடிக்கவில்லை, தெரிந்துகொண்டே அடித்திருக்கிறேன். முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலைப் படித்தால், கொப்பியைப் பார்த்த அன்றைக்கே திருந்தி நல்ல டீச்சராகிவிட்டேன் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. தாழங்குடாப் பிள்ளையும் இதை வாசிக்கட்டும், அவளுடைய இரண்டு பக்கத்தில் இதற்கும் இடம் வேண்டும்.

உங்கள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ நேரம் யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்றைக்கு என்ன கணக்கு, நீங்கள் எழுதிய விடை என்ன என்று ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதையும். நேரில் சொல்வது சுகம் என்றால் நான் அக்கரைப்பற்றுக்கு வருகிறேன், காலையில் ஏறினால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். வரட்டுமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்.